கை நனைக்காத அண்ணனும் பெலும் குகையும்

நவம்பர் 18, திங்கள்

மானம் போன விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் மற்றதை எழுத நிம்மதியாக இருக்கும்.

இன்று ஜவுளிக்கடை லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான், ஒரு விற்பனைப் பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் அம்மாள். குழந்தை அழவில்லை. நான் அழுதேன். வாய்விட்டு அழுததோடு நிற்காமல், திருத்தணி முருகனைக் கூப்பிட்டு, வெளியே விட்டால் என் வீட்டுக்காரர் தலையை மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்திலும் என் தலைமுடி எனக்கு நினைவிருந்திருக்கிறது, பாருங்கள். கதவு திறந்ததும் அந்த விற்பனைப் பெண், "ஆன்ட்டி, அங்கிளுக்கு முடி இருக்கா?" என்று விசாரித்தாள். நியாயமான கேள்வி. அதிகம் இல்லை.

இப்படிப்பட்ட நான்தான் சாயங்காலம் தணிகாசலத்திடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு ஆந்திராவுக்குப் போய்ப் பெலும் குகையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம் என்றேன். (அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டேன். எழுதுவதற்குத் தடை ஒன்றும் இல்லை.) அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். எங்கள் மாமியார் போன அன்றைக்குக்கூட இவ்வளவு குறைக்கவில்லை.

"குகைக்கா? நீயா?" என்றார். பிறகு, "யாருக்காக?" என்றார். பாங்கில் வேலை பார்த்தவர். கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிப்பார்.

நவம்பர் 20, புதன்

யாருக்காக என்பதை எழுத வேண்டும்.

எங்கள் மகள் தாரணிக்குத் தை மாதம் கல்யாணம். எங்கள் வழக்கப்படி தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் நூல், அவ்வளவுதான். கட்டுகிற கைதான் முக்கியம். என்னோடு பிறந்தது ஒரே ஓர் அண்ணன், ஏகாம்பரம். வெளிநாட்டில் இல்லை. நாலு தெரு தள்ளி, இதே சத்துவாச்சாரியில்தான் இருக்கிறார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று முதல் பந்தியில் தணிகாசலத்தின் ஆட்கள் மொத்தமாக உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் அப்போது வாசலில், உடைந்த நாற்காலிகளைக் கொண்டுவந்தவனோடு எங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டையில் ஜெயித்துவிட்டுக் கடைசிப் பந்திக்கு வந்தார். பரிமாறுகிறவன், "பாயசம் முடிஞ்சிடுச்சுங்க, ரசம் ஊத்தட்டுங்களா?" என்றான். அண்ணன் இலையிலிருந்து எழுந்து, இனிமேல் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இலைக்கு முன்னால் சொன்ன வார்த்தையை எங்கள் குடும்பத்தில் யாரும் திரும்ப வாங்கியதில்லை. எங்கள் அப்பா தன் தம்பி வீட்டில் கை நனைப்பதில்லை என்று சொல்லிவிட்டு, சாகும்வரை அந்த வீட்டுக்குச் சொம்பில் தன் தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் போனார். போகாமல் மட்டும் இருந்ததில்லை. அண்ணன் ஒருபடி மேலே. சொம்பும் இல்லை, ஆளும் இல்லை.

தட்டில் பழம், பாக்கு, பத்திரிகை வைத்து நேரில் போய் அழைக்கலாம்தான். ஆனால் தட்டுக்கு முன்னால் அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அதுவும் கல்லில் வெட்டியதாகிவிடும். ஆகவே வாசற்படி இல்லாத இடமாகப் பார்த்து அவரைப் பிடிக்க வேண்டும். காருக்கு வாசற்படி இல்லை.

குகை ஏன் என்றால், அண்ணன் வேலை பார்த்தது முழுக்க அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். மற்றவர்கள் மருமகனைப் பற்றிப் பேசுவது போல அவர் சுண்ணாம்புக் கல்லைப் பற்றிப் பேசுவார். பெலும் குகையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டிப் போக ஆள் இல்லை.

மற்றபடி இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காய்கறிக்கு அவர்கள் தெரு வழியாகத்தான் போய் வருகிறேன். அந்தப் பக்கத்துக் கடையில் முள்ளு கத்திரிக்காய் நன்றாக இருக்கும். அவர்கள் வீட்டு வாசல் விளக்கு ஒரு வாரமாக எரியவில்லை.

நவம்பர் 23, சனி

அண்ணி சுலோசனாவைக் காய்கறிக் கடையில் பிடித்தேன். அண்ணிக்கு இந்தச் சண்டையில் பங்கில்லை. "அவரு சொன்னது அவரோட வாயி, நான் சாப்பிடறது என்னோட வாயி" என்பது அவர் கொள்கை. வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டில்தான் டிபன்.

விஷயத்தை அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோய், மேல்கோர்ட்டில் வாதாடி, சாயங்காலம் போனில் தீர்ப்பைச் சொன்னார். கார் தணிகாசலம் பெயரில் இருப்பதால் அதில் ஏறுவது தங்கை வீட்டுக்கு வந்ததாக ஆகாது. ஏறலாம். ஆனால் தங்கை வீட்டு அடுப்பில் ஆனது எதுவாக இருந்தாலும், காரில் கொடுத்தாலும் காட்டில் கொடுத்தாலும் தொட மாட்டார். ஓட்டலில் சாப்பிடவும் வழியில்லை. ஆந்திரா காரம் அவர் வயிற்றுக்கு ஆகாது. "அப்ப பட்டினியா அண்ணி?" என்றேன். "நீதான் ஏதாச்சும் யோசியேன்" என்றார்.

நவம்பர் 26, செவ்வாய்

தணிகாசலம் பயணத் திட்டம் தயார் செய்திருக்கிறார். சித்தூர், பீலேறு, ராயச்சோட்டி, கடப்பா, ஜம்மலமடுகு, பெலும். அதோடு விட்டாரா? போகிற வழிதானே என்று கண்டிக்கோட்டையைச் சேர்த்தார். யாகந்தியில் நந்தி வளர்ந்துகொண்டே இருக்கிறதாம், அதையும் பார்த்துவிடலாம் என்றார். இவர் ஓட்டுகிற வேகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நந்தி நன்றாகவே வளர்ந்திருக்கும். எருமை முந்திப் போனால் வழிவிட்டு ஒதுங்குகிற மனிதர். இரண்டையும் அடித்துவிட்டேன்.

குகையைப் பற்றி யூடியூபில் பார்த்தேன். மேலே சாதாரண வயல்காடு. நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படிக்கட்டு. இறங்கினால் பூமிக்கு அடியில் வளைந்து வளைந்து போகிறது. சில இடங்களில் குனிந்து போக வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுத் துணி மடித்தேன்.

பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு நின்று பழகினேன். தணிகாசலம் கதவைத் திறந்து, "என்ன தேடற?" என்றார். "பருப்பு" என்றேன். "இருட்டுலயா?" என்றார். "பழைய பருப்பு" என்றேன். அவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

டிசம்பர் 1, ஞாயிறு

சம்பந்தியம்மாள் போன் செய்தார்.

நிச்சயதார்த்தத்தின்போது பெண்ணின் மாமன் எங்கே என்று கேட்டார்கள். காசிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில் வாயில் வந்த ஊர் அதுதான். இன்று அந்த அம்மாள், "மாமா காசியிலேர்ந்து வந்துட்டாருங்களா?" என்றார். "வந்துக்கிட்டே இருக்காருங்க" என்றேன். "நடந்தா வர்றாரு?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். பிறகு அதே சிரிப்பு மாறாமல், பட்டம் கட்ட ஆள் இல்லை என்றால் தங்கள் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், பெண்ணுக்கு மாமன் முறைக்கு அவரையே நிறுத்திவிடலாம், யாருக்கும் தெரியவா போகிறது என்றார். பத்திரிகை அச்சுக்குப் போகிறது, பதினைந்தாம் தேதிக்குள் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

நல்ல மனதோடு சொன்னதுதான். கோபப்பட ஒன்றுமில்லை.

பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தையும் துடைத்தேன்.

டிசம்பர் 4, புதன்

மழை. அண்ணன் பரணிலிருந்து தன் பழைய சுரங்கத் தொப்பியை இறக்கித் துடைத்து வைத்திருப்பதாக அண்ணி தகவல்.

டிசம்பர் 7, சனி

அடுப்புப் பிரச்சினை தீர்ந்தது. பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவிடம் போய், "அக்கா, நாளைக்கு விடியறதுக்குள்ள உங்க அடுப்புல புளியோதரை கிளறிக்கட்டுமா?" என்றேன். ஏன், உன் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதா என்றார். இல்லை, அண்ணன் கை நனைக்க வேண்டும் என்றேன். வேறு யாராக இருந்தாலும் பைத்தியமா என்று கேட்டிருப்பார்கள். ஷமீம் அக்கா யோசித்துவிட்டு, "உன் பாத்திரத்துல செஞ்சாலும் கேள்வி வருமே. என்னோட குண்டானையே எடுத்துக்கோ" என்றார். அவர் வீட்டில் கொழுந்தனார்கள் மூன்று பேர். சட்டம் அத்துப்படி.

ஆக அடுப்பு ஷமீமுடையது, குண்டான் ஷமீமுடையது, அரிசியும் புளியும் அவர் டப்பாவிலிருந்து. என்னுடையது கை மட்டும்.

புளிக்காய்ச்சலை இன்றைக்கே முடித்துவிட்டேன். வாசனைக்கு ஷமீம் அக்காவின் மாமியார் எழுந்து வந்து, பிரியாணி மசாலா ஏன் இப்படி நாறுகிறது என்று உருதுவில் கேட்டதாக அக்கா மொழிபெயர்த்துச் சொன்னார்.

டிசம்பர் 9, திங்கள்

நேற்று போய் வந்தோம். இடுப்பு விட்டுப் போய்விட்டது. விவரமாக எழுதுகிறேன்.

விடியும் முன்னே அவர்கள் தெருமுனையில் கார் நின்றது. வாசலில் நிறுத்தினால் நான் இறங்கி, "வா" என்று கூப்பிட்டதாக ஆகுமாம், ஆகவே தெருமுனை. அண்ணன் தொப்பியோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அண்ணியும் நானும் பின்னால். அவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்து நாளாகிவிட்டது. பின்கழுத்தில் முடி நன்றாக வெளுத்திருந்தது. மற்றபடி அதே கழுத்துதான்.

என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தணிகாசலம் வழியாகச் சொன்னார். சித்தூர் தாண்டி, "மாப்ள, உங்க வீட்டம்மாவை ஜன்னலை ஏத்தச் சொல்லுங்க. தூசி வருது" என்றார். தணிகாசலம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஜன்னலை ஏத்து" என்றார். "உங்க மச்சானுக்குத் தூசி புதுசான்னு கேளுங்க" என்றேன். "தூசி புதுசான்னு கேக்கறா மச்சான்" என்றார் இவர். "காலம் பூரா தின்னாச்சு, போதும்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். இப்படியே ராயச்சோட்டிவரை. தணிகாசலத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணி தூங்கிவிட்டார்.

கடப்பா தாண்டியதும் அண்ணன் உயிர் பெற்றார். ரோட்டின் இரண்டு பக்கமும் கறுப்புக் கல் பலகைகளை அப்பளம் காயவைத்த மாதிரி சாய்த்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுச் சமையல் மேடை பிறந்த ஊர். அண்ணன், இந்தக் கல்லும் சுண்ணாம்புக் கல்லின் சாதிதான் என்றார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இந்த இடமே கடல் என்றார். குகையைக் குடைந்தது மனிதனோ மிருகமோ இல்லை, தண்ணீர்தான், கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, அவசரமே இல்லாமல் என்றார். எங்கள் குடும்பத்தோடு ஒப்பிட்டால் தண்ணீர் வேகம்தான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னால் தணிகாசலம் அதையும் மொழிபெயர்ப்பார்.

பெலும் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அண்ணிக்கு முழங்கால் வலி, இறங்க மாட்டேன் என்று சாப்பாட்டுக் கூடையோடு மேலேயே மர நிழலில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் நிறைய. ஒரு வழிகாட்டி எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப் போனார். முன்னால் தணிகாசலம், நடுவில் நான், எனக்குப் பின்னால் தொப்பியோடு அண்ணன், அவருக்குப் பின்னால் எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள்.

உள்ளே ஒரு புழுக்கம். ஈரத்துணியை முகத்தில் போட்டது போல. நான் தணிகாசலத்தின் சட்டை முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். விழுது விழுதாகத் தொங்குகிற கல், யானை மாதிரி கல், லிங்கம் மாதிரி கல் என்று வழிகாட்டி காட்டிக்கொண்டே போனார். நான் பார்த்ததெல்லாம் கோடுபோட்ட சட்டை.

கொஞ்சம் அகலமான ஓர் இடத்தில் எல்லோரையும் நிறுத்தி, உண்மையான இருட்டு என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று வழிகாட்டி விளக்குகளை அணைக்கச் செய்தார். செல்போனையும் அணைக்கச் சொன்னார்.

ஸ்டோர் ரூம் இருட்டெல்லாம் இருட்டே இல்லை. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. மூச்சு மேலேயே நின்றது. கத்திவிடப் போகிறேன் என்று தெரிந்தது. பின்னால் கையை நீட்டினேன். ஒரு கை கிடைத்தது. பிடித்துக்கொண்டேன். அந்தக் கை விலகவில்லை. சின்ன வயதில் கூத்து பார்த்துவிட்டு வரும்போது பிடிப்பாரே, அப்படியே கெட்டியாகப் பிடித்தது.

இருட்டில் முகம் இல்லை அல்லவா, வாசற்படியும் இல்லை. மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணா, தாரணிக்குப் பட்டம் கட்ட வந்துடு. யாரோ ஒருத்தர் கையால அது ஏறவேணாம்."

கை ஒருமுறை அழுத்தியது. பிறகு இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அவை எழுதுவதற்கில்லை. அந்தக் கை என் புறங்கையை இரண்டு தட்டு தட்டியது.

விளக்கு வந்தது. நான் கையை விட்டுவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கம். நேரே சட்டையைப் பார்த்து நடந்தேன். ஆனால் அதற்கப்புறம் குகை பெரிதாகிவிட்டது. தொங்குகிற கல்லையெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். யானையை நான் தவறவிட்டுவிட்டேனே என்று தணிகாசலத்திடம் வருத்தப்பட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெளியே வந்தபோது அண்ணன் எங்களுக்கு முன்பே மேலே வந்து, அண்ணிக்குப் பக்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். கண்கூடச் சிவந்திருந்தது. நான் பார்க்காத மாதிரி இலை போட்டேன். அவருக்கு முதல் இலை.

"மாப்ள, இது யார் வீட்டு அடுப்பு?" என்றார்.

"ஷமீம் அக்கா வீட்டுது மச்சான். குண்டான்கூட அவங்களுதுதான்."

அண்ணன் குண்டானைச் சுற்றிப் பார்த்தார். அதன் விளிம்பில் ஷமீம் அக்காவின் மாமனார் பெயர் வெட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு கவளம் வாயில் போட்டு மென்றார். இன்னொன்று போட்டார். பிறகு நேராக என்னைப் பார்த்து, நடுவில் தணிகாசலம் இல்லாமல் சொன்னார்.

"உப்பு கம்மி, தமா."

தமயந்தி என்கிற என்னைத் தமா என்று கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஊறுகாய் வைத்தேன்.

மூன்றாவது முறை சாதம் போடும்போது இலையைப் பார்த்தபடியே, "பட்டம் எங்க வாங்கறதா இருக்க? கடையில விக்கிற ஜரிகைப் பட்டமெல்லாம் வேணாம். குழந்தை நெத்தி அகலமான நெத்தி. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"சரிண்ணா" என்றேன்.

அண்ணி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கார்ப்பக்கம் போனார். தண்ணீர் எங்கள் காலடியில்தான் இருந்தது.

திரும்பி வரும்போது கார் முழுக்க அண்ணன்தான் பேசினார். அது என்ன பேச்சு என்று கேட்டால், எனக்கு ஞாபகம் இல்லை. ஜன்னலை இறக்கி வைத்திருந்தேன். தூசி வந்துகொண்டிருந்தது. யாரும் ஏற்றச் சொல்லவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

பழத்தட்டோடு நாங்கள் இரண்டு பேரும் போய் அண்ணனை முறைப்படி அழைத்தோம். தட்டை வாங்கிக்கொண்டார். பத்திரிகையில் பெயர் போடச் சொல்லி சம்பந்தியம்மாளுக்குச் சொல்லிவிட்டேன். "காசியிலேர்ந்து வந்துட்டாரா?" என்றார். "வந்துட்டாருங்க. நடந்துதான் வந்தாரு" என்றேன்.

பெங்களூரிலிருந்து தாரணி போன் செய்தாள். எப்படியம்மா மாமாவை மசியவைத்தாய் என்றாள். அதெல்லாம் பேச வேண்டிய இடத்தில் பேச வேண்டிய மாதிரி பேச வேண்டும் என்றேன். கொஞ்சம் தலைக்கனமாகத்தான் சொன்னேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

அண்ணி டிபனுக்கு வந்திருந்தார். ரவா தோசை. இரண்டாவது தோசையில் நான் அந்த இருட்டு சமாசாரத்தை எடுத்தேன். அண்ணன் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"எந்த இருட்டு?" என்றார் அண்ணி.

உள்ளே விளக்கை அணைத்தார்களே, அது என்றேன்.

அண்ணி எழுந்து போய், தணிகாசலம் ஹாலில்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இத யார்கிட்டயும் சொல்லிடாதடி. என் தலைல சத்தியம் வாங்கியிருக்காரு. அவரு எங்க உள்ள வந்தாரு? ஆயுசு பூரா வெட்டவெளிச் சுரங்கத்துல நின்னவரு. முதல் வளைவு தாண்டறதுக்குள்ள மூச்சு முட்டுதுன்னு மேல ஏறி வந்துட்டாரு. நீங்க வர்றவரைக்கும் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. தொப்பிய மடில வெச்சுக்கிட்டு."

தோசை கருகியது. திருப்பிப் போட்டேன்.

இப்போது நிதானமாக யோசித்துப் பார்த்தால், நான் பிடித்த அந்தக் கையில் ஒரு மோதிரம் இருந்தது. எங்கள் அண்ணன் மோதிரம் போடுகிற வழக்கமே இல்லை.